தாலிக்கு முந்திய அட்சதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, என்னிடம் சொத்து என்று இருந்தது ஒரு ஜாஸ் இசைத்தட்டுதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலில் வந்த மாலுமி ஒருவன் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போன தட்டு அது. அதில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கும். கூடவே ஒருவன் கியூபா நாட்டுக் கைமத்தளத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருப்பான். கடைசி உருப்படியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவன் மட்டும் தனியாகப் பிளந்து கட்டுவான். ஐயோ, அந்த இடம்! எனக்குக் கால் தரையில் நிற்காது.

இவ்வளவு நல்ல சமாசாரத்தைச் சங்கரன்கோவில் கேட்க வேண்டாமா? பெண் வீடு அங்கேதான், கல்யாணமும் அங்கேதான். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்த ரேடியோ செட்காரரிடம் தட்டைக் கொடுத்து, "அண்ணாச்சி, பலகாரப் பந்தி நடக்கும்போது இதைப் போடுங்க" என்றேன். போட்டார். பந்தி முடிந்தது தெரியாமல் மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

தாலி இன்னும் தேங்காய்மேல் இருந்தபடி, ஆசீர்வாதத்துக்காகத் தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் மூச்சு வாங்கிய நேரம் பார்த்துக் குழாயில் கியூபாக்காரன் ஆரம்பித்தான். அதைத் தவில் என்று நினைத்துப் பின்வரிசையில் யாரோ "கெட்டிமேளம்!" என்று கத்த, பந்தலே எழுந்து அட்சதையை வாரி இறைத்தது. என் தலையெல்லாம் மஞ்சள் அரிசி.

"ஏலே, நிறுத்துலே அந்தச் சனியனை!" என்று மாமனார் கத்தினார். "தாலி ஏறுமுன்ன அட்சதை விழுந்துட்டு. அபசகுனம்! வேற நாள் பாத்துக்கிடுவோம்." துண்டை உதறித் தோளில் போட்டார். நானே ஆசைப்பட்டு என் கல்யாணத்துக்கு உலை வைத்துக்கொண்டேனே!

மணையில் தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "எப்பா, ஒரு தடவ ஆசீர்வாதம் பண்ணினவங்க இன்னொரு தடவ பண்ண மாட்டாங்களா?"

மாமனார் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் மகள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அட்சதை தீர்ந்துபோனதால் உதிரிப்பூவை அள்ளிப் போட்டார்கள். தவில்காரர் குழாயை ஒரு முறை முறைத்துவிட்டு வாசித்தாரே ஒரு கெட்டிமேளம், கியூபாவுக்கே கேட்டிருக்கும்.

அந்த இசைத்தட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. கடைசி உருப்படி வந்தால், அடுப்பில் எது கொதித்தாலும் அவள் அரிசி புடைக்கிற சுளகோடு வந்து நிற்பாள். மத்தளக்காரன் தனியாக ஆரம்பித்ததும் என் தலையில் ஒரு பிடி விழும்.

"தாலி இன்னும் ஏறல. ஓடணும்னா இப்பவே ஓடிருங்க" என்பாள்.

நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுப்பேன்.