சுவிட்ச் இல்லாத விளக்கு

ஈசூன் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் சிதம்பரத்தைக் கெட்டிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவரும் அதை நம்பிவிட்டார், அதுதான் வினை. வாரக் கடைசியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஜீப்பை விட்டுச் சேறு குளிக்கிற பிள்ளைகள் அவரைத்தான் தேடி வருவார்கள். தோட்டப் பாதைக்கு வண்டிக் கூரை மேல் நீளமாக ஒரு விளக்கு வரிசை வேண்டும். அனுமதியில்லாமல் அதை மாட்டிக்கொண்டு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டக் கூடாது. பொருத்திக் கொடுத்த பட்டறைக்கும் வம்பு. அதனால் வண்டிப் பரிசோதனைக்கு முன்னால் கழற்றுவார்கள், முடிந்ததும் பழையபடி பொருத்துவார்கள். அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

வருண் என்ற வாடிக்கையாளரின் ஜீப்பில் சிதம்பரம் இன்னும் ஒரு படி மேலே போனார். விளக்கைக் கழற்றினாலும் உள்ளே இருக்கிற சுவிட்ச் காட்டிக்கொடுத்துவிடுகிறதே என்று, சுவிட்சே இல்லாமல் செய்துவிட்டார். முன்விளக்கில் ஹைபீம் போட்டால் கூரை விளக்கும் தானாக எரியும். "இனி யாரு கண்டுபிடிப்பா லா?" என்றார். சேதி பரவி, பிறகு வந்தவர்களும் அதையே கேட்டார்கள், அவரும் செய்து கொடுத்தார். சுவிட்ச் இல்லாத விளக்கை வேண்டாத நேரத்தில் எப்படி அணைப்பது என்று யோசிக்க வேண்டாமா, இந்த மனுஷர்? யோசிக்கவில்லை.

மழை பெய்த ஓர் அந்தி நேரம், மார்சிலிங் சந்திப்பில், எதிரே திரும்பக் காத்திருந்த மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டு நின்றான் வருண். நல்ல பிள்ளை. 'நீங்க போங்க' என்று ஹைபீமை ஒரு தரம் சிமிட்டினான். கூரை விளக்கு மொத்தமும் அந்த ஆளின் கண்ணில் அடித்தது. ஈரச் சாலையில் பைக் சறுக்கிக் கால் முறிந்தது.

மறுநாள் காலை வருண் பட்டறைக்கு வந்தான். "நான் அவரை டச் கூட பண்ணல, அங்கிள். போங்கன்னு ஒரு ஃப்ளாஷ் குடுத்தேன், அவ்ளோதான். ஆம்புலன்ஸ்கூட நான்தான் கூப்பிட்டேன்."

சிதம்பரம் ஜீப்பின் கூரையைப் பார்த்தார்.  "சாவியைக் குடு," என்றார்.

"ஏன் அங்கிள்? இப்போ இன்ஸ்பெக்‌ஷன் இல்லையே."

அவர் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஹஸீனாவிடமிருந்து போன் வந்தது. மார்சிலிங்கில் பைக்கோடு விழுந்தது அவள் கணவர் அப்துல் மஜீது. பட்டறைகளுக்கு உதிரிப் பாகங்கள் கொண்டு வந்து போடுகிறவர். மதியச் சாப்பாட்டைச் சிதம்பரத்தோடு பங்கு போட்டுத்தான் தின்பார். வருணின் கூரை விளக்கைப் பெட்டியோடு கொண்டு வந்து இறக்கியதும் அவர்தான்.

சிதம்பரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். மஜீதுக்குப் பிடித்த மீ கோரெங் பொட்டலம் வாங்கிப் போவார், கட்டிலைச் சரி செய்வார், தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மஜீது நன்றி சொல்லும்போதெல்லாம் அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் மஜீது சொன்னார்: "யோசிச்சுப் பார்த்தேன், அண்ணே. அந்தத் தம்பி ஒரு தரம்தான் சிமிட்டினாரு. எல்லாம் வெள்ளையாயிடுச்சு, ரோடே தெரியல. சாதா ஹைபீமுக்கா அப்படி ஆகும்? என்னைப் பெத்த அத்தாவுக்கும் கண்ணு இப்படித்தான் போச்சு. இனி பைக்கைத் தொட மாட்டேன். வேலையை விட்டுடுறேன்னு முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

போனை எடுத்த அவர் கையைச் சிதம்பரம் பிடித்துக்கொண்டார். சொன்னால் போலீஸ் வரலாம், பட்டறை போகலாம், இந்த மனுஷன் இனி முகத்தில் விழிக்காமலே போகலாம். சொல்லாவிட்டால், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் முடங்கிக் கிடப்பார்.

"போன் பண்ணாதீங்க, பாய். உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. அது நான் செஞ்ச வேலை," என்றார். சுவிட்சை எடுத்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். தலை நிமிரவில்லை.

மஜீது போனைக் கட்டிலில் வைத்தார். பிறகு, "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

மஜீது முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடச் சிதம்பரத்துக்குத் தேவலை என்றிருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

மஜீது முந்திக்கொண்டார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டியில போட்டிருக்கீங்க, அண்ணே?"

சிதம்பரம் வருணின் வண்டியில் கழற்றியதோடு சரி. மற்ற வண்டிகளின் நினைப்பே அவருக்கு இத்தனை நாள் வரவில்லை.

மஜீது சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை பிடித்திருந்தது, இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஹஸீனா இப்போ ஸ்கூட்டர்லதான் வந்துகிட்டு இருக்கா," என்றார்.