எட்டு மணி இரண்டு முறை

பெய்ரான் ஊரின் மாதா கோயில் மணி ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு முறை அடிக்கும். அடித்து இரண்டு நிமிடம் கழித்து, அதே கணக்கில் மறுபடியும். முதலாவது காதில் விழுவதற்கு, இரண்டாவதுதான் கிளம்புவதற்கு. அந்த மலையடிவாரத்தில் பிறந்தவர்கள் யாரும் முதல் மணிக்கு அவசரப்பட்டதில்லை.

மய்லிஸ் கஸனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெந்நீர் ஊற்றுக் குளியலகத்தின் சலவைக்கூடத்தில் முப்பது வருடமாக விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். விரிப்பை உதறும்போது அது காற்றில் உப்பி மெல்ல அடங்கும். கடலும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வாள். மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த கடலை அவள் பார்த்ததே இல்லை. கோடை ஞாயிறுகளில் மட்டும்தான் அங்கே பேருந்து போகும். குளியலகத்தில் கூட்டம் நெரிவதும் அப்போதுதான். நான்கு வருடமாகப் பயணம் தள்ளிப்போயிற்று. காலை எட்டு மணிக்குக் கிளம்பும் இந்த வருடத்தின் கடைசிப் பேருந்துக்கு எப்படியோ விடுப்பு வாங்கிவிட்டாள்.

அந்த ஞாயிறு காலை, ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பையில் வைத்துக்கொண்டு வந்தவள் பாலத்தில் நின்றுவிட்டாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ மேலே நின்று விரிப்பை உதறியதுபோல. மணி எட்டு அடித்தது. அவள் அசையவில்லை. பனி ஆற்றைத் தொடும்வரை பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

சதுக்கத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது எட்டு அடிக்கத் தொடங்கியது. பேருந்து இல்லை. ஈரத் தரையில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வருடம். இன்னும் எத்தனை ஆயிரம் விரிப்புகள்!

அப்போது சாலை வளைவிலிருந்து பேருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது. ஜன்னலில் காய்கறிக்கடை ஜெர்மேனின் தலை.

"அடியே மய்லிஸ்! ஓடி வாடி! புது டிரைவர்டி, போர்தோ பட்டணத்துக்காரன். முதல் மணிக்கே வண்டிய எடுத்துட்டான்!"

"எட்டுன்னா எட்டுதானேம்மா" என்றான் ஓட்டுநர் பரிதாபமாக.

"எட்டு எங்கப்பா முடிஞ்சுது? பாதியில கிளம்பிட்டு பேச்சப் பாரு!"

"இந்த ஊர்ல இப்படின்னு யாராவது சொல்லக்கூடாதா?"

"அதத்தான் தெனமும் ரெண்டு ரெண்டு தடவ அடிச்சுச் சொல்றாங்களே!"

பேருந்தே சிரித்தது. மய்லிஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

நண்பகலில், வெறுங்காலோடு மணலில் நின்றாள். அலை ஒன்று உப்பி எழுந்து, வெள்ளையாக விரிந்து, மெல்ல அடங்கியது. மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.