தோகை விரித்த அசுரன்

சுலோசனாவுக்குப் புராணங்கள் என்றால் உயிர். ஆனால் கேட்டபடியே வரையமாட்டாள். யாருடைய கால் தூசியும் படாமல், கல்லிலிருந்து தானாகவே எழுந்து நிற்கும் அகலிகையை அவள் வரைந்தபோது, பாலிகஞ்ச் கேலரிக்காரர்கள் பாராட்டிவிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

போன வருஷம் பெஹாலாவில் அவள் குடியிருந்த வங்காளித் தெருவின் துர்கா பூஜைக் கமிட்டி, பந்தல் முகப்புக்குச் சிலை செய்யச் சொன்னது. அவள் மனம் திருச்செந்தூருக்குப் போயிற்று. முருகன் சூரனை அழிக்கவில்லையே. மயிலும் சேவலுமாக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டான். அம்மனும் அப்படிச் செய்தால்? மகிஷாசுரனின் நெஞ்சில் சூலம் பட்ட இடத்திலிருந்து மயில்தோகை விரிவதாகக் களிமண்ணில் சின்ன மாதிரி செய்து கொண்டுபோனாள்.

கமிட்டி கொதித்தது. "அசுரன் சாகலேன்னா அது என்ன பூஜை?"

சுலோசனா தன் மாதிரிச் சிலையைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். அதுவரை வாயே திறக்காத செயலாளர் ரஞ்சன் எழுந்தார்.

"நான் குடிச்சுட்டு ரோட்டுல கிடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்தலே. குடியைத்தான் துரத்தினாங்க. இந்த சுலோசனா தீதி, நம்ம அக்கா, செஞ்சிருக்கிறது எங்கம்மாவை."

பந்தலுக்குள் வழக்கமான சிலை, முகப்பில் சுலோசனாவுடையது என்று முடிவாயிற்று.

அஷ்டமியன்று கூட்டம் நெரிந்தது. சுலோசனாவும் கணவர் முருகானந்தமும் ஓரமாக நின்றார்கள். ரஞ்சன் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அந்தம்மாள் முகப்பிலிருந்த துர்கையை வணங்கிவிட்டு, குனிந்து அசுரனின் கன்னத்தைத் தடவினார்.

"பாவம், இளைச்சுப் போயிட்டான்" என்றார் வங்காளத்தில்.

சுலோசனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் காலைத் தொட்டாள். அந்தம்மாள் அவள் தலையில் கை வைத்தார்.

"பாத்தியா, நம்ம சூரனுக்கு இங்கேயும் ஒரு அம்மா கிடைச்சுட்டாங்க" என்றார் முருகானந்தம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சுலோசனா ரஞ்சனைப் பார்த்துக் கைகூப்பினாள். "அன்னிக்கு நீங்க பேசலேன்னா இது வெளியவே வந்திருக்காது, ரஞ்சன் அண்ணா."

"நீங்க செஞ்சு காட்டலேன்னா எனக்கும் அதைச் சொல்ல வந்திருக்காது, தீதி" என்றார் அவர்.

பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நால்வரும் சேர்ந்தே நகர்ந்து, பூஜைப் பிரசாதமான போக் சாப்பிடப் போனார்கள்.