நாலு பொக்கற் வைத்த சட்டை

போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், உடம்பு மெலிவதற்கும் அடையாள அட்டை தேவைப்பட்டது. நான் அப்போது ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்பயிற்சி ரீச்சர். விடிந்ததும் கடற்கரையோரம், ரெயில் பாதைக்குப் பக்கத்தில், எங்கள் சனம் சீனி வியாதிக்கும் கொழுப்புக்கும் பயந்து நடக்கும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்வஸ் சப்பாத்தோடு நடப்பார்கள். அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் பிளவுசுக்குள் இருக்கும். எங்கள் மேல்மாடி அன்ரி ஒருவரின் அட்டை வியர்வையில் ஊறிப்போய், படத்தில் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் சோதனைச் சாவடியில் அவரை மத்தியானம் வரை இருத்தி வைத்துவிட்டார்கள். "நடந்து மெலிஞ்சது காணும்" என்று வந்து கட்டிலில் விழுந்தவர், பிறகு நடக்கப் போகவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். அன்றைக்கே கொப்பியை எடுத்துக் கீறினேன். வெளியே முழங்கால் வரை இறங்கும் தளர்ந்த மேற்சட்டை, மாமிமார் குறை சொல்ல முடியாத நீளத்தில். கீழே காற்சட்டை. உள்ளே, இழுபடும் துணியில், உடம்போடு ஒட்டிய கையில்லாத சட்டை ஒன்று. அதன் இடுப்பைச் சுற்றி, வியர்வை புகாமல் மழைக்கோட்டுத் துணி வைத்த நாலு பொக்கற்: அட்டைக்கு, பொலிஸ் துண்டுக்கு, வீட்டுத் திறப்புக்கு, மூச்சிழுப்புக்காரர் மருந்து வைக்க. இப்படியொரு விளையாட்டு உடுப்பு உலகத்தில் எங்குமே இல்லை என்று பெருமைப்பட்டேன். வேறு ஊர்களில் அதற்குத் தேவை இருக்கவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பெயர் வைத்தேன், லேபிளும் அடித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"உமக்கு விசர்" என்றார் என் கணவர். ஆனாலும் லேபிள் கட்டை அவர்தான் போய் எடுத்து வந்தார்.

தைக்க ஆள் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போனேன். ஒரு நிறத்தில் ஆயிரம் உருப்படிக்குக் குறைந்தால் மெஷினைத் தொட மாட்டோம் என்றார் மனேஜர். எனக்கு வேண்டியது முப்பது. தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். மருதானையில் ஒரு பட்டறைக்காரர் காட்டிய சாம்பிள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த பன்னிரண்டும் இழுபடாத சாதாரண நேர்த்தையல். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு குனிந்த எங்கள் சங்கீத ரீச்சர், பின்பக்கத்தைக் கொப்பியால் மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். வெள்ளவத்தையிலேயே இருந்த தையற்காரர் ஆறு கிழமையாக "நாளைக்கு வாங்கோ" என்றார். எட்டாம் தரம் போனபோது அவர் என் துணியில் தன் மகளுக்குச் சட்டை தைத்திருந்தார்.

பிறகுதான் கொட்டாஞ்சேனையில், ஒரு ஒழுங்கைக்குள், இன்னொரு தையற்காரரைக் கண்டுபிடித்தேன். மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்புக்கு வந்து தையல் பழகியவர். மனைவியும் அவரும்தான். மூன்று மெஷின், அதில் ஒன்று இழுபடும் துணி தைக்கிற ஓவர்லொக். துணியைக் கொடுத்ததும் வெட்டுவார் என்று பார்த்தால், வாளியில் ஊறப் போட்டார்.

"சுருங்குறது இப்பவே சுருங்கட்டும் டீச்சர். ஆளு போட்ட பொறகு சுருங்குனா நம்ம ரெண்டு பேருக்கும்தான் கெட்ட பேரு" என்றார்.

புதன்கிழமை தருவதாகச் சொன்னார். அந்தப் புதன்கிழமை வழியெல்லாம் சோதனை. அவர் வரமாட்டார் என்றே இருந்தேன். மத்தியானம் கதவைத் திறந்தால், எங்கள் மாடிப்படியில் குந்தியிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இரண்டு இடத்தில் பொதியைப் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள். கசங்கியதை என் கையில் தர அவருக்கு மனம் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு மனிதர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முப்பதும் ஒரு மாதத்தில் போய்விட்டது. கடற்கரையில் மாமிமார் என் சட்டையோடு கை வீசி நடப்பதைப் பார்க்க எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரே ஒரு குறை வந்தது. நாள் போகப் போக, பொக்கற் கனத்தில் சட்டை கீழே இறங்கி வயிற்றில் சுருண்டது. அடுத்த நாற்பதுக்கு வேறு இலாஸ்டிக் போட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். அதைச் சோதிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் கடையிலிருந்த தலையில்லாத துணிப் பொம்மைக்குச் சட்டையைப் போட்டு, நாலு பொக்கற்றிலும் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியை வைத்து இறுக்கி, ஒரு கிழமை வெயிலில் விடுவது. வெக்கையும் கனமும் தாங்கினால் அந்த இலாஸ்டிக் நல்லது.

அவர் பொம்மையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "டீச்சர், பார்க்க ஒரு மாதிரியா இருக்குதுங்களே. உள்ளுக்க வச்சிறவா?"

"உள்ளுக்கு வெக்கை காணாது. வாசலிலையே நிக்கட்டும். ஒரு கிழமைதானே" என்றேன்.

உடம்போடு ஒட்டிய சட்டை, இடுப்பைச் சுற்றி நாலு கனத்த கட்டி. அந்த நாட்களில் கொழும்பில் அதைப் பார்க்கிற யாருக்கும் தற்கொலைக் குண்டு அங்கியைத் தவிர வேறெதுவும் தோன்றாது. அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. நான் இலாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னேன் என்பதற்காக அவர் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்.

நாலாம் நாள் தேடுதலுக்கு வந்தவர்கள் அதைக் கண்டார்கள். ஒழுங்கையையே வெறுமையாக்கி, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருவர் கிட்டப் போய்ச் சவர்க்காரத்தை வெளியே எடுத்திருக்கிறார். அதோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இதைப் போட்டு யார் பழகிப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவரைக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர், இது நடக்குறவங்க போடுறதுன்னு. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க படிச்சவங்க" என்றார்.

"அவசரப்படாதையும். யோசிச்சுச் செய்வம்" என்றார் என் கணவர். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். மறுநாள் காலை, பாடசாலைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு சட்டையும் கீறிய கொப்பியுமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

அந்த அதிகாரி மோசமான ஆளில்லை. கதிரை தந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். தன் அட்டையை எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுப் பார்த்து, "ஹொந்தய்", நல்லது என்றுகூடச் சொன்னார். முடிந்தது, இன்றைக்கே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பிறகு என் அட்டையைக் கேட்டார். திருப்பிப் பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"யாப்பனேத?" யாழ்ப்பாணமா என்று கேட்டார்.

"ஓவ்" என்றேன்.

பேனையைத் திறந்தார். எப்போது வந்தாய், ஏன் வந்தாய், இந்தப் படத்தைக் கீறித் தந்தது யார், முப்பது சட்டையையும் வாங்கியவர்கள் யார். கடைசிக் கேள்வியில் முப்பது வீட்டுக்கு ஜீப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. நினைவில்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் பிடித்த சட்டத்தரணி எங்கள் ஊர்க்காரர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "மலைநாட்டு ஆள், நாலு சவர்க்காரம். ரெண்டு மூண்டு நாளிலை விட்டிருப்பாங்கள். இப்ப யாழ்ப்பாணத் தொடர்பு எண்டு எழுதியாச்சு."

"அப்ப நான் போகாமல் விட்டிருக்க வேணுமோ?"

"போகாமல் விட்டிருந்தா, ஓடர் தந்த ஆளை ஒளிக்கிறான் எண்டு எழுதியிருப்பாங்கள்" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

ஏழு மாதம். என்னை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள், அவரை விடவில்லை. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் போனேன். போய் என்ன செய்தேன்? நின்றேன். அவர் மனைவி என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார், ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓவர்லொக் மெஷினை விற்றுவிட்டதாக ஒரு நாள் சொன்னார், அவ்வளவுதான். மீதி லேபிளை நான் குப்பையில் போட்டேன். மாமிமார் அடுத்த சட்டை எப்போது என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஒரு தவணையில், குற்றம் ஒன்றும் இல்லை என்று அவரை விட்டார்கள். நீதிமன்ற வாசலில் வெயில் கொளுத்தியது. சேட்டு அவர் உடம்பில் தொங்கியது. ஏழு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த மன்னிப்போடு கிட்டப் போனேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

"சொகமா இருக்கீங்களா டீச்சர்?"

தலையாட்டினேன். மூவருமாகப் பஸ் தரிப்பிடம் வரை நடந்தோம். அங்கே போனதும் அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு எனக்கு நோகக்கூடாது என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பஸ் வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா?"

நாலடி தள்ளி நின்றேன். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவைக் கடந்து மறுபக்கம் போய் நின்றேன்.