கடைசி ஐந்து நிமிடம்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் தோற்பதென்றால் ஒழுங்காகத் தோற்காது. அரைநேரத்துக்குள் நாலு கோல் வாங்கிவிட்டால் அப்பா கச்சான் கொறித்துக்கொண்டு நேரத்தோடு வீடு திரும்பலாம். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஆட்டம் முழுக்க வெளுத்து வாங்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எங்கள் பெடியளுக்குக் கால் மரத்துப்போகும்.

ஒவ்வொரு தோல்விக்கும் அப்பாவிடம் ஒரு காரணம் இருந்தது. ரெஃபரி எதிரணிக்குச் சொந்தக்காரன். சோளகக் காற்று பந்தைத் திருப்பிவிட்டது. அரைநேரத்தில் கொடுத்த தோடம்பழம் புளிப்பு. சொல்லி முடித்ததும், "இனி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டன்" என்று மாதா படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்வார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மைதானத்தில் முதல் ஆளாக நிற்பவரும் அவர்தான்.

"உந்தச் சத்தியத்தை மாதாவே இப்ப நம்புறேல்லை" என்பார் அம்மா.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் கழகம் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணி கொழும்புத்துறைப் பெடியள். அவர்களிடம் இடதுகாலால் அடிக்கிற உயரமான ஒருவன் இருந்தான். முந்திய வருடமும் கடைசி நிமிடத்தில் எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன். அப்பா அவனுடைய பெயரை வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டார். "உந்த நெட்டையன்" என்பார், அவ்வளவுதான்.

அம்மாவைத் தவிர எல்லோரும் போனோம். அப்பாவின் தங்கையான மாமியும் வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்; கேட்டு வந்த மாப்பிள்ளைமார் எல்லாரையும் வேண்டாமென்றவர். ஒரு பந்துக்கு இத்தனை பேர் ஓடுவது ஏன் என்று கேட்கிற மாமி, அன்றைக்குப் புதுச் செருப்போடு மணலில் தள்ளாடித் தள்ளாடி வந்தார்.

முதல் பாதியிலேயே நாங்கள் கோல் போட்டுவிட்டோம். பிறகு அந்தப் பாழாய்ப்போன ஐந்து நிமிடம் வந்தது. "ஊதடா விசிலை!" என்று அப்பா கத்தினார். ரெஃபரி ஊதவில்லை. மூலையிலிருந்து வந்த பந்தை நெட்டையன் தலையால் தட்டினான், சமநிலை. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நிற்கையில் இடதுகாலால் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் விசில்.

அப்பா மணலில் அப்படியே குந்திவிட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஆத்திரத்தில் குடையை மைதானத்துக்குள் எறிந்தார். கொஞ்சம் பொறுத்து, வெயில் தாங்காமல் தானே போய் எடுத்துவந்தார்.

வீட்டுக்கு வந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அழுதேன். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "விளையாடினதுகள் இப்ப கொத்துரொட்டி சாப்பிடுதுகள். பார்த்ததுகள் பட்டினி கிடக்குதுகள்!"

குசினியில் மாமி மட்டும் வாய்க்குள் பாடிக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, நாங்கள் தோத்தது உங்களுக்குக் கவலையே இல்லையோ?"

"கவலைதான். அதுக்காக, காலடிக்கு வந்த பந்தை அவர் அடிக்காமல் விட ஏலுமே?"

அவர்! எங்கள் ஊரே 'அவன்' என்று பல்லைக் கடிக்கிற ஆளை மாமி 'அவர்' என்றார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். அந்த நெட்டையன் எனக்கு மாமாவாகி, எங்கள் விறாந்தையில் அப்பாவோடு பந்துக்கதை கதைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், எதிரணிக்கு எங்கள் குசினிக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான். மீனைத் தொடாமல் எழுந்துபோய், அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.