புரியாமல் தூக்கிய கையை எண்ண மறுத்தவர்

ஜமால் பாய் இறந்த செய்தி எனக்கு வியட்நாமில் வந்து சேர்ந்தது. நம் அரிசி ஆலைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் முதன்முறையாகத் தஞ்சாவூரைத் தாண்டி, மீகாங் ஆற்றங்கரையில் ஓர் ஊரில் நடந்துகொண்டிருந்தது. காலையில் அரங்கத்துக்குள் நுழையும்போது முத்துப்பேட்டையிலிருந்து அவருடைய மகள் பேசினாள். "அத்தா மவுத்தாயிட்டாங்க மாமா. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கூட்டத்த விட்டுட்டு நீங்க ஓடி வரக் கூடாதுன்னு நேத்தே சொல்லி வச்சாங்க."

வாசலில் நின்ற லான் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஊரில் ஆலை வைத்திருப்பவர். இப்போது நம் சங்கத்தின் செயலாளர். மொழிபெயர்ப்பாளர் இன்னும் வரவில்லை. கைப்பேசியில் பாயின் படத்தைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முத்துப்பேட்டையில் பாய்க்கு ஒரு சிறிய ஆலையும் அரிசி மண்டியும் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் செயலாளராக இருந்தபோதுதான் இலங்கை, வங்கதேசம், வியட்நாம் ஆலைக்காரர்கள் சிலர் நம்மோடு சேர்ந்தார்கள். நாமும் பெயர்ப்பலகையில் 'சர்வதேச' என்று சேர்த்து எழுதினோம். மாறியது பலகை மட்டும்தான். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மாலை போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, படம் எடுத்துக்கொண்டோம். பேச்செல்லாம் தமிழில் நடந்தது. பாய் மட்டும் அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, கையாலும் காகிதத்தில் படம் வரைந்தும் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம், நேரில் தஞ்சாவூருக்கு மாதாமாதம் வராதவர்களுக்கு வாக்கு கிடையாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். வெளியாட்கள் பெருகிவிட்டால் சங்கம் நம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். அப்போது தலைவர் நான். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். நம் ஆட்கள் தூக்கினார்கள். அதைப் பார்த்து லான் அம்மாவும் மற்ற வெளிநாட்டவர்களும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். எண்ண வேண்டிய பாய் எழுந்து நின்றார்.

"தலைவரே, இந்தக் கைய நான் எண்ண மாட்டேங்க. எதுக்குத் தூக்குனோம்னே அவங்களுக்குத் தெரியாது."

எல்லோரிடமும் தாள் கொடுத்திருக்கிறதே என்றேன்.

"கொடுத்திருக்குங்க. தமிழ்ல இருக்கு."

தீர்மானம் நிறைவேறியதாக நானே அறிவித்தேன். இரண்டு வாரத்தில் அவரைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கினோம். அந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

பல மாதம் அவரோடு நான் பேசவில்லை. சீர்காழியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை அமைந்தது. நான் எதுவும் கேட்காமலேயே, வளைகுடாவில் இருந்த காலத்தைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அரிசிக் கிடங்கில் வேலை. ஒரு நாள் அரபியில் எழுதிய தாளை நீட்டினார்கள். எல்லோரும் போட்டார்கள், அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த வருடத்து விடுமுறை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த தாள் அது. மூன்றாம் மாதம் அவர் தகப்பனார் இறந்தார். ஊருக்குப் போகக் கேட்டபோது அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்களாம்.

"யார் மேல கோவப்படுறதுங்க? கையெழுத்து என்னோடதுதானே" என்றார்.

அந்த இடத்திலேயே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பதவி போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை என்பது அடுத்த ஆண்டுக் கூட்டத்தில்தான் தெரிந்தது. மண்டியில் உட்கார்ந்தபடி, மொழி தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வெளிநாட்டு உறுப்பினருக்கும் அவரவர் மொழியில் அந்தத் தீர்மானத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டியிருந்தார். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. அந்த முறை அவர்கள் மொழிபெயர்ப்பாளர்களோடு வந்தார்கள். லான் அம்மா எழுந்து, அன்று சிரித்தது மரியாதைக்கு, சம்மதத்துக்கு அல்ல என்றார். தீர்மானத்தை நான் திரும்பப் பெற்றேன். எந்தத் தீர்மானமும் எல்லா மொழிகளிலும் படிக்கப்பட்ட பிறகுதான் வாக்கு என்ற விதி அன்று வந்தது.

பாயை மறுபடியும் செயலாளராக அழைத்தோம். "லான் அம்மா இருக்கட்டும். அப்பத்தான் நம்ம ஆளுங்க பழகுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

தன் ஊரில் கூட்டத்தை நடத்த லான் அம்மா அழைத்தபோது நம் எல்லோரையும்விட மகிழ்ந்தவர் பாய்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். அதற்குள் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. "புரியலைன்னா கேளுங்க தலைவரே, வெக்கப்படாதீங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. செவிலியர் வந்து நேரமாகிவிட்டது என்றார். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வியட்நாமில் அவர் இறந்த செய்தி வந்த அன்று காலை, இரங்கல் தீர்மானத்தோடு கூட்டம் தொடங்கியது. நிறைந்திருந்த அரங்கத்தில் தமிழ் பேசுபவர்கள் ஊரிலிருந்து போன நாங்கள் மூன்றே பேர். ஆனாலும் தமிழில்தான் முதலில் படித்தார்கள். படித்து முடித்ததும் லான் அம்மா என்னைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் புரிந்ததா என்று தெரியும்வரை அடுத்த மொழிக்குப் போகவில்லை. அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தலையசைத்தேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

குத்தாலத்தில் என் ஆலையில் பீகாரிலிருந்து வந்த ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆறு வருடமாக நான் சொல்வதற்கெல்லாம் அவர்கள் தலையாட்டுகிறார்கள். நானும் அது போதும் என்று இருந்தேன். போன வாரம் புது ஷிப்ட் விதிகளில் கையெழுத்து வாங்க மேலாளர் தாளோடு நின்றார். அவர்களில் மூத்தவர் பேனாவுக்குக் கை நீட்டினார். நான் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஹிந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டி வரச் சொன்னேன். படித்துக் காட்டிய பிறகு அந்த மூத்தவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, இதற்கு ஒப்புக்கொள்ள முடியாது என்றார்.

ஜமால் பாயிடம் கற்றதால் எனக்குக் கிடைத்த பதில் அது. இதை உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியை எடுத்துவிட்டேன்.