வாசித்ததாகச் சொன்ன மெயில்கள்

திறக்காத பைலைத் திறப்பதும், கோணல்மாணலாக வந்த மெயிலை மறுபடி தமிழாக்குவதும் பதுளையில் என் பிழைப்பு. கம்ப்யூட்டரிடம் கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலர் என் கடைப்படி ஏறுகிறார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் போன மழைக்காலத்தில் வந்தார். பல வருடங்களுக்கு முன் அவர் கட்டாரில் இருந்தபோது மனைவி அனுப்பிய மெயில்களைக் காட்டினார். எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தன. அவள் பசறையில் டைப்பிங் பழகிய இடத்தில், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பியிருக்கிறாள். அந்த எழுத்துரு இவர் போனில் இல்லை.

"போன்ல பேச மாட்டீங்களாண்ணே?"

"பேசுவோம் தம்பி. ஒட்டி ஒட்டி இருக்குற லயத்து வீட்டுல பேசுனா பத்து வீட்டுக்கும் கேக்கும். வீட்டு விசயத்த அதான் எழுதுவா. ஆசையா படிச்சு எழுதுறா, ஒண்ணும் புரியலன்னு சொல்ல மனசு வரல. வாசிச்சீங்களான்னு கேப்பா. வாசிச்சேன், சரின்னு சொல்லிருவேன்."

பிறகு ஒரு மண்சரிவு அவளையும் அவருடைய அம்மாவையும் கொண்டுபோய்விட்டது. இப்போதுதான் வாசிக்கத் தைரியம் வந்ததாம்.

ஒவ்வொன்றாக மாற்றி வாசித்துக் காட்டினேன். ஆடு குட்டி போட்டது, கோயில் திருவிழா, இப்போது பார்க்காமலே டைப் அடிக்கிறேன் என்ற பெருமை. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

கடைசி மெயில் திரையில் தமிழானது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு. அக்கா பசறைக்கு வரச் சொல்றா. அத்தை இங்கேயே இருப்போம்னு சொல்றாங்க. நீங்க சொல்றபடி செய்றேன். இங்கேயே இருக்கட்டுமா?"

அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வியாபாரத்தில் பொய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. திரையை என் பக்கமே திருப்பிக்கொண்டு சொன்னேன்.

"இது மட்டும் சரி வரலண்ணே. உடைஞ்சு போச்சு."

அவர் குடையைக் கையில் எடுத்தார்.

"பரவால்ல தம்பி. அதையும் வந்தபடியே பிரிண்ட் எடுத்துக் குடுங்க. இத மாத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க."

எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பஸ் நிலையம் வரைக்கும் வழிநெடுகக் கம்ப்யூட்டர் கடைகள். எதற்குள்ளும் நுழைந்துவிடக் கூடாதே என்று அவர் குடை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது நனைந்த காகிதத்தோடு படியேறினால், அவர் வாசித்துவிட்டு வருகிறாரோ என்று இன்றும் பதறுகிறேன்.